இரண்டு கிலோவில் நூறு கிராம்

கடைவீதியில் அவளுக்குக் கிராமக்கா என்று பெயர். புதிதாகக் கேட்கிறவர்கள் ஏதோ கிராமத்திலிருந்து வந்த அக்கா போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. அவள் பிறந்து வளர்ந்தது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில். ஒரு கிராம், இரண்டு கிராமுக்கெல்லாம் மல்லுக்கு நிற்பாள் என்பதால் வந்த பெயர் அது. எடை அளவைத் துறையில் ஆய்வாளர் வேலை. எடைக்கற்கள் அடுக்கிய மரப்பெட்டியோடு அவள் தெருமுனையில் திரும்புவது தெரிந்தால் போதும், காய்கறிக் கடையிலிருந்து இரும்புக் கடை வரை தராசுத் தட்டுகளை அவசர அவசரமாகத் துடைப்பார்கள். இருபத்துமூன்று வருடச் சேவையில் எந்தக் கடையிலும் அவள் ஒரு வாய்த் தேநீர் வாங்கிக் குடித்ததில்லை.

கணவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். ஊரார் தராசைச் சந்தேகப்படும் மனைவி, ஊரார் பயணத்தைச் சந்தேகப்படும் கணவன். "எங்க வீட்டுக்குள்ள பால் பாக்கெட்டே அடையாள அட்டை காட்டிட்டுத்தான் வரணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரே மகள். வெளியூரில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

கிராமக்காவுக்கு நாற்பத்தொன்பது வயதில் கால் வீங்க ஆரம்பித்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறோம், வீங்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள். வாயில் எந்நேரமும் இரும்பை நக்கியது போல ஒரு ருசி. அதையும் விட்டுவிட்டாள். அலுவலகத்தில் வருடாந்திர உடல் பரிசோதனைக்கு வந்த நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

"இருநூறைத் தாண்டுதும்மா."

"உங்க மெஷினைக் கடைசியா எப்பச் சோதிச்சீங்க?" என்றாள் கிராமக்கா.

மெஷின் சரியாகத்தான் இருந்தது. சிறுநீரகங்கள்தான் சரியில்லை. அடுத்த ஒன்றரை வருடத்தில் இரண்டும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு வேலைதான் செய்தன. தங்கை தன் சிறுநீரகத்தைத் தருவதாக ஒற்றைக் காலில் நின்றாள். பரிசோதித்ததில் அவளுக்கே சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து, அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயரைப் பதிந்தார்கள். அதுவரை டயாலிசிஸ்.

வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் போய் மெஷினோடு படுத்திருக்கலாம், அல்லது வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவத்தை ஏற்றி இறக்கலாம் என்று சிறுநீரக டாக்டர் சொன்னார். அந்த அம்மாள் படபடவென்று பேசுவார், ஆனால் கேட்டதற்கு மழுப்பாமல் பதில் சொல்வார். கிராமக்கா வயிற்று வழியைத் தேர்ந்தெடுத்தாள். வேலையை விட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் காரணம்.

தொப்புளுக்குக் கீழே ஒரு ஓரமாக, பென்சில் பருமனில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை. வயிற்றில் கிடக்கும் பழைய திரவத்தைக் காலிப் பைக்குள் வடிக்க வேண்டும். பிறகு புதிய பையிலிருந்து இரண்டு லிட்டரை உள்ளே ஏற்றிக் குழாயை மூடிவிட்டு எழுந்து வேலையைப் பார்க்கலாம். வயிற்றின் உட்பக்கச் சவ்வு வழியாக ரத்தத்திலிருக்கும் கழிவும் உபரித் தண்ணீரும் அந்தத் திரவத்துக்குள் வந்து சேரும். நான்கு ஐந்து மணி நேரம் கழித்து மறுபடி வடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும், மின்விசிறியை நிறுத்த வேண்டும். கிருமி உள்ளே போனால் வயிறே சீழ் வைத்துவிடும்.

வீட்டில் இருக்கும்போது கணவர்தான் பையை மாட்டிக் கொடுப்பார். "உன்னைக் கைகழுவ முடியாதுன்னுதான் தினம் நாலு தடவை கை கழுவிட்டிருக்கேன்" என்பார். மதியப் பையை அவள் அலுவலகத்தின் பதிவேட்டு அறையில் மாற்றிக்கொள்வாள். கதவைச் சாத்தி, மேசையைத் துடைத்து, கோப்பு அலமாரியின் மேல்தட்டுக் கம்பியில் பையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் முப்பது நிமிடம். உடன் வேலை பார்க்கும் ஆய்வாளர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், யாரும் உள்ளே போகாதபடி வெளியே காவல் இருப்பார். யாராவது கேட்டால் "அக்கா ரகசியக் கோப்பு பாக்குறாங்க" என்பார்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. அவளுக்கு இருந்த ஒரே தொந்தரவு, திரவம் உள்ளே இறங்கும்போது வரும் எரிச்சல். அடிவயிற்றில் யாரோ மிளகாயைத் தேய்த்தது போலச் சில நிமிடம் எரியும், பிறகு அடங்கும்.

"கடைவீதியோட வயித்தெரிச்சல் மொத்தமும் உன்கிட்டயே வந்து சேந்துடுச்சு" என்றார் கணவர். அவளால் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு மாதாந்திரப் பரிசோதனையில் டாக்டர் ஒரு புது மருத்துவ ஆய்வைப் பற்றிச் சொன்னார். இப்போது பையில் இருப்பது சர்க்கரைக் கரைசல். சர்க்கரைதான் உடம்பிலிருக்கும் தண்ணீரை இழுக்கிறது. ஆனால் வருடக்கணக்கில் சர்க்கரை பட்டுக்கொண்டே இருந்தால் வயிற்றுச் சவ்வு தடித்துப்போய்விடும், அப்புறம் அது வேலைக்கு ஆகாது. சர்க்கரையைக் குறைத்து அதன் இடத்தில் வேறொரு பொருளைச் சேர்த்த புதிய கரைசல் ஒன்று வந்திருக்கிறது. பாதுகாப்பானது என்று சிறிய அளவில் பார்த்துவிட்டார்கள். தண்ணீரை ஒழுங்காக இழுக்கிறதா, சவ்வைக் காப்பாற்றுகிறதா என்று அறுபது பேரிடம் ஆறு மாதம் சோதிக்க வேண்டும். பாதிப் பேருக்குப் புதியது, பாதிப் பேருக்குப் பழையது. பைகள் ஒரே மாதிரி இருக்கும், மேலே எண் மட்டும்தான்.

"எது யாருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்" என்றார் டாக்டர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் கேட்டார்: "டிரைவருக்கும் தெரியாது, பயணிக்கும் தெரியாது. அப்ப வண்டி எங்க போகுதுன்னு யாருக்குத்தான் டாக்டர் தெரியும்?"

"கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியும். பட்டியல் அவங்ககிட்ட பூட்டி இருக்கு. ஏதாவது விபரீதம்னா உடனே திறப்பாங்க."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பதினான்கு பக்கச் சம்மதப் படிவத்தை, ஓசிப் பயணியின் பழைய டிக்கெட்டைப் பார்ப்பது போல, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கிராமக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வுக்கென்று தனியாக ஒரு நர்ஸ் இருந்தாள். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பையை எப்படி உடல் சூட்டுக்குக் கொண்டுவருவது, குழாயின் திருகை முழுக்கத் திறக்காமல் எப்படி நிதானமாக ஏற்றுவது என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள். ஒரு நோட்டுப் புத்தகமும் கொக்கி வைத்த சின்ன மின்னணுத் தராசும் கொடுத்தாள். வடித்த பையை அதில் மாட்டி நிறுத்து, காலிப் பையின் எடையையும் ஏற்றிய இரண்டு லிட்டரையும் கழித்தால், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் வெளியேறியிருக்கிறது என்று தெரியும். அதை நோட்டில் எழுத வேண்டும். தராசின் முதுகில் "சோதிக்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

முதல் வாரத்திலேயே எரிச்சல் போய்விட்டது. திரவம் இறங்குவதே தெரியவில்லை. நோட்டிலும் நல்ல கணக்கு ஏறியது. முன்பு ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி வெளியேறும். இப்போது ஆயிரத்து இருநூறு. அந்தத் தைரியத்தில் தண்ணீரும் முன்னைவிடத் தாராளமாகக் குடித்தாள்.

"எனக்குப் புதுசுதான் வந்திருக்கு. சந்தேகமே இல்லை" என்றாள் கணவரிடம்.

"தெரியக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"அவங்க சொல்லலை. என் வயிறு சொல்லுது."

உடல் எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா வெளியேறுதே. பசி எடுத்துச் சாப்பிடுறீங்க போல, சதை போட்டிருக்கு" என்றார். உடம்பு தேறுகிறது என்று கேட்பது யாருக்குத்தான் கசக்கும்? கிராமக்கா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தாள்.

அந்த மாதாந்திர வரிசையில்தான் டெய்லரைப் பழக்கம். அவரும் ஆய்வில் இருந்தவர். நாற்பது வயதிருக்கும். பள்ளிச் சீருடைகள் தைக்கும் கடை. வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரில் போகிறவர்களின் சட்டையைப் பார்த்து, "தோள்பட்டை அரை அங்குலம் இறங்கிடுச்சு" என்று முணுமுணுப்பார். தொழில் புத்தி ஒன்றாக இருந்ததால் கிராமக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாம் மாதம் அவர் வந்தபோது செருப்பின் வாரைப் போடாமல் காலை இழுத்து இழுத்து நடந்தார். புறங்கால் ரொட்டி மாவு போல உப்பியிருந்தது. முகமும் ஊதியிருந்தது. டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர் கண் கலங்கியிருந்தார்.

"என்ன தம்பி?"

"நான் திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறேனாம்க்கா. நோட்டுல பாத்தா தினமும் ஆயிரத்து முந்நூறு வெளியேறுது, அப்புறம் எப்படி வீங்கும்னு கேக்குறாங்க. நான் பாட்டில்ல கோடு போட்டு வெச்சு ஒரு லிட்டர்தான் குடிக்கிறேன். என் மக மேல சத்தியமா சொல்றேன்."

கிராமக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் வாழ்க்கையில் கேட்ட சத்தியங்களுக்கு அளவே இல்லை. தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்த ஒரு மீன் வியாபாரி பெற்ற தாய், கட்டிய மனைவி, கும்பிடும் சாமி என்று வரிசையாக எல்லோர் மேலும் சத்தியம் செய்திருக்கிறான்.

நான்கு நாள் கழித்து டெய்லரின் மனைவி போன் செய்தாள். படுக்க முடியாமல் மூச்சு வாங்கியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம்.

போனை வைத்த பிறகு கிராமக்கா அடுக்களை மேசைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைகளில் கணக்கு இடிக்கும்போது அவள் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. வந்த சரக்கு எவ்வளவு, போன சரக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. டெய்லர் விஷயத்தில் உள்ளே போனது ஒரு லிட்டர். வெளியே வந்தது ஒன்றேகால் லிட்டருக்கு மேல். அப்படியென்றால் அந்த மனிதர் காய்ந்து வற்றியிருக்க வேண்டும். ஊதியிருக்கிறார். ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் தராசு பொய் சொல்கிறது.

குனிந்து தன் காலைப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். பள்ளம் விழுந்தது. பத்து எண்ணும் வரை அது நிரம்பவில்லை.

எழுந்து போய்த் தராசைத் திருப்பி, அந்தப் பச்சை ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

மறுநாள் காலை தராசைத் துணியில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். அரசாங்க எடைக்கற்களை வீட்டுக்குக் கொண்டுபோவது அவளுக்கு வழக்கமில்லை. தன்னுடைய தராசைத் தானே சோதித்து எழுதுவதும் முறையில்லை. உடன் வேலை பார்ப்பவரிடம் கொடுத்தாள். அவர் ஒரு கம்பியில் தராசை மாட்டி, கொக்கியில் எடையை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டார்.

ஐநூறு கிராம். ஐநூறு காட்டியது. ஒரு கிலோ. சரியாக ஒரு கிலோ காட்டியது.

"நல்ல பிள்ளையா இருக்கேக்கா."

"மேல போ தம்பி."

ஒன்றரைக் கிலோ மாட்டினார். ஆயிரத்து ஐநூற்று நாற்பது. அவர் புருவம் உயர்ந்தது. இரண்டு கிலோ மாட்டினார். இரண்டாயிரத்து நூறு. எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். அதே நூறு கூடுதல். இரண்டரைக் கிலோவில் நூற்று அறுபது கூடுதல்.

"ஒரு கிலோ வரைக்கும் யோக்கியன், அதுக்கு மேல திருடன். இது யாரு கடைக்கா?"

"என் கடைதான்" என்றாள்.

படிவத்தில் "தராசை உபயோகிப்பவர்" என்ற கட்டத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள். முகம் சுட்டது. ஒரு தடவைக்கு நூறு கிராமுக்கு மேல், நாளுக்கு நான்கு தடவை. நானூறு மில்லித் தண்ணீர் தினமும் காகிதத்தில் மட்டும் வெளியேறியிருக்கிறது, அதை நம்பிக் கூடுதலாகக் குடித்தது கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் தங்கியிருக்கிறது. மூன்று மாதமாக அந்த எண்களை அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள். ஒரு வெங்காயக் கடைக்காரரின் தராசு என்றால் முதல் நாளே கவிழ்த்துப் போட்டுப் பார்த்திருப்பாள். இங்கே ஒரு பச்சை ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். எண்கள் அவளுக்குப் பிடித்தமாக இருந்தன, அதுதான் விஷயம்.

மாலையில் கணவரிடம் சொன்னாள். அவர் சீருடைகூட மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"ஆய்வை நிறுத்துவாங்க. நின்னா எனக்குப் பழைய பைதான்."

"மறுபடியும் எரியுமே."

"எரியும்."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "டெய்லர் தம்பி தராசும் இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறியா?"

"அந்த மனுஷன் சத்தியம் பண்ணாருங்க. நான் நம்பலை."

"அப்ப எதுக்கு என்கிட்ட சொல்லிட்டிருக்க? போனை எடு" என்றார்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். மறுநாள் காலை டெய்லரின் தராசை வீட்டிலிருந்து வரவழைத்துப் பார்த்தார்கள். இரண்டு கிலோவில் நூற்றுப் பத்து கூடுதல். டாக்டர் நேராக வார்டுக்குப் போய் டெய்லரின் கட்டில் அருகே நின்று, "மன்னிச்சிடுங்க, உங்களை நம்பாம பேசிட்டேன்" என்று சொன்னாராம். டெய்லர் அதைப் பிற்பாடு ஒரு பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். உண்மையில் உடம்பில் எவ்வளவு தண்ணீர் தங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் வைத்தியம் எளிதாகிவிட்டது. வீரியம் கூடிய பைகள் போட்டு, உப்பைக் குறைத்து, ஆறே நாளில் நான்கரைக் கிலோ இறங்கியது. வீட்டுக்குப் போகும்போது செருப்பு வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

சிஸ்டர்தான் உடைந்துபோனாள். பதிவேட்டு அறை வாசலுக்கே கிராமக்காவைத் தேடி வந்துவிட்டாள்.

"அறுபது தராசையும் நானே பாத்துத்தான் கொடுத்தேன்மா. அரைக் கிலோ, ஒரு கிலோ ரெண்டும் வெச்சுப் பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு."

"நீங்க பாத்தது சரிதான் சிஸ்டர். பை ரெண்டு கிலோவுக்கு மேல இருக்கும். எந்த எடையை நிறுக்கப் போறமோ, அந்த எடையில சோதிக்கணும். இது உங்க வேலை இல்லை, என் வேலை. எனக்கே மூணு மாசமா உறைக்கலை. நீங்க எதுக்கு அழுறீங்க?"

ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். அறுபது தராசுகளும் மூன்று அட்டைப்பெட்டிகளில் எடை அளவை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. கிராமக்கா அந்தப் பக்கமே போகவில்லை. ஆய்வில் இருப்பவள் கை வைக்கக் கூடாது என்று தானே ஒதுங்கிக்கொண்டாள். உடன் வேலை பார்ப்பவர் இரண்டு நாள் உட்கார்ந்து சோதித்தார். பதினேழு தராசுகள் தப்பு. எல்லாம் ஒரே தொகுதியில் தயாரானவை.

அந்தப் பதினேழு பேரின் மூன்று மாதக் கணக்கும் செல்லாது என்று ஆய்வுக் குழு முடிவு செய்தது. விருப்பமிருந்தால் அவர்கள் முதலிலிருந்து தொடங்கலாம். குழு கேட்டபோது கிராமக்கா எழுத்தில் ஒரே ஒரு யோசனை சொன்னாள்: வடித்ததை மட்டும் நிறுத்தால் போதாது, ஏற்றுவதற்கு முன் புதுப் பையையும் அதே தராசில் நிறுக்க வேண்டும். தராசு கூட்டிக் காட்டினால் இரண்டிலும் கூட்டிக் காட்டும், கழிக்கும்போது தப்பு பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

இடையில் ஐந்து வாரம் வழக்கமான பை. முதல் நாளே எரிச்சல் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? எனக்கு வந்தது புதுசுதான்" என்றாள் கணவரிடம். அந்த வலியிலும் தன் கணிப்பு சரியாகிவிட்ட திருப்தி.

ஆய்வு மறுபடி தொடங்கியதும் முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டாள். புதுத் தராசு, புது நோட்டு. எரிச்சல் மறுபடி நின்றது. இந்தத் தடவை வெளியேறிய தண்ணீர் எண்ணூறு, எண்ணூற்று ஐம்பது என்றுதான் நோட்டில் ஏறியது. அது உண்மையான எண்ணூறு. குடிக்கும் தண்ணீரையும் உப்பையும் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொண்டாள். கால் வீக்கம் வடிந்தது. ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினாள். அதில் ஒரு தடவை காய்ச்சலும் கலங்கிய திரவமுமாகப் பயமுறுத்தியது, சீக்கிரமே மருந்து போட்டதால் நான்கு நாளில் தெளிந்துவிட்டது.

எல்லோருடைய கணக்கும் முடிந்து பட்டியலைத் திறக்க இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. ஆஸ்பத்திரியின் கூட்ட அறைக்கு ஆய்வில் இருந்தவர்களை அழைத்திருந்தார்கள். டாக்டர் முடிவைச் சுருக்கமாகச் சொன்னார். புதிய கரைசல் தண்ணீரைப் பழையது அளவுக்கே இழுக்கிறது, அதிகமில்லை, குறைவுமில்லை. உடம்பில் ஏறும் சர்க்கரை குறைந்திருக்கிறது. சிறுநீரகத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச வேலையும் கூடுதல் நாள் நீடிக்கிறது போலத் தெரிகிறது. சவ்வைக் காப்பாற்றுகிறதா என்பது ஆறு மாதத்தில் தெரியாது, இரண்டு மூன்று வருடம் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் ஓர் உறையைக் கொடுத்தார்கள். எந்தக் கரைசல் வந்தது என்று அதில் இருந்தது.

டெய்லர் பிரித்துப் பார்த்தார். "புதுசுக்கா!"

கிராமக்கா பிரித்தாள். படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். எழுந்து டாக்டரிடம் போனாள்.

"இதுல ஏதோ மாறிப்போச்சு டாக்டர். பழைய கரைசல்னு போட்டிருக்கு."

டாக்டர் பார்த்தார். "மாறலை. ரெண்டு தடவையும் உங்களுக்குப் பழசுதான்."

"எனக்கு எரியவே இல்லையே? நடுவுல வழக்கமான பை போட்டப்ப எரிஞ்சுதே?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "ஆய்வுப் பையை எப்படி ஏத்துனீங்க?"

"சிஸ்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி. சூடு பாத்து, திருகைப் பாதி திறந்து."

"வழக்கமான பையை?"

அதற்குக் கணவர் பதில் சொன்னார். "அதைப் பழையபடி டாக்டர். குளிரக் குளிர எடுத்து, முழுசாத் திறந்து, எப்படா முடியும்னு உக்காந்திருப்பா. பழசு எரியத்தான் செய்யும்னு முடிவு கட்டிட்டா இல்ல? நான் சொன்னாலும் காதுல போட்டுக்க மாட்டா."

"வேகமும் குளிர்ச்சியும் ஒரு காரணம். மனசும் ஒரு காரணமா இருக்கலாம். பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை" என்றார் டாக்டர். "அதனாலதான் எண்ணை மட்டும் ஒட்டி, பேரை மறைச்சுக் கொடுக்கறோம்."

கிராமக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஏறக்குறைய இரண்டு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புதுக் கரைசலின் அருமை பெருமைகளை அளந்துவிட்டிருக்கிறாள். தங்கையிடம், மகளிடம், டெய்லரின் மனைவியிடம்கூட. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் திடீரென்று நின்று சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள்.

"என்ன?" என்றார் கணவர்.

"என் வயிறு சொல்லுதுன்னு சொன்னேனே. எங்கிட்டயே பொய் சாட்சி சொல்லியிருக்கு பாருங்க."

அன்றிலிருந்து வழக்கமான பையையும் சூடு பார்த்து, பாதி திறந்து, நிதானமாகத்தான் ஏற்றுகிறாள். எரிவதில்லை. எப்போதாவது லேசாகச் சுருக்கென்றால், "மனசா, பையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறாள். டெய்லர் கடைக்கு இப்போது உதவிக்கு இரண்டு பேர். புதுக் கரைசலையே தொடர்ந்து கொடுக்க ஏற்பாடாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலில் கோடு போடும் வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை.

மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் கிராமக்காவின் பெயர் நாற்பத்தோராவது இடத்தில் இருக்கிறது. ஒரு தடவை அழைப்பு வந்து, போய்ப் படுத்து, பொருந்தவில்லை என்று திரும்பி வந்தாள். அதற்காக அழவில்லை என்று சொன்னாள். கணவர் மறுக்கவில்லை.

சென்ற மாதம் டாக்டர் மறுபடி பேச்சை எடுத்தார். அடுத்த ஆய்வு. இருநூறு பேர், மூன்று வருடம், சவ்வு தடிக்கிறதா இல்லையா என்று தெரியும் வரை. இந்தத் தடவையும் எது யாருக்கு என்று தெரியாது.

"மறுபடியும் பழசே வரலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"பழசை ஏத்திக்கவும் ஆள் வேணுமில்ல டாக்டர்? இல்லைன்னா புதுசு எதைவிட மேல்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள் கிராமக்கா.

கணவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு பக்கப் படிவத்தைப் படிக்க ஆரம்பித்தார். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டார், பதினாறாம் பக்கத்தில் இரண்டு கேட்டார். அவர் முடிக்கும் வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு, சிஸ்டரின் அறையிலேயே மதியப் பையை மாற்றிக்கொண்டாள். மூன்று மணிக்கு லாரிகளை எடை போடும் இடம் ஒன்றில் பரிசோதனை இருந்தது. கணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, உள்ளே இரண்டு லிட்டர் தளும்ப, பஸ் பிடிக்க நடந்தாள்.